மோவாய் ரப்பர்

"ரப்பரையே கண்டுபிடிக்க முடியலை, நீ திருடனை எங்கய்யா கண்டுபிடிக்கப் போறே?" என்று மேசைக்கு மேலிருந்து இன்ஸ்பெக்டரின் குரல் கேட்டது.

மேசைக்குக் கீழே தவழ்ந்துகொண்டிருந்த மூஞ்சிக்காரர் தேடிக்கொண்டே போனார். பதில் சொல்லத் தலையைத் தூக்கினால் மேசை இடிக்கும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

மூஞ்சிக்காரர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. திருடனைக் கண்ணால் பார்த்தவர்கள் வந்து அடையாளம் சொல்லச் சொல்ல, அந்த முகத்தைப் பென்சிலால் வரைந்து கொடுப்பது அந்தக் காவல் நிலையத்தில் அவருடைய வேலை. அதனால் இன்ஸ்பெக்டர் முதல் லாக்கப்பில் இருப்பவர்கள் வரை அனைவருக்கும் அவர் மூஞ்சிதான். "மூஞ்சி வந்தாச்சா?" என்பார்கள். "மூஞ்சி கை கழுவப் போயிருக்கு" என்பார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் இதைக் கேட்டு மிரண்டு போவதுண்டு.

பென்சிலை அவர் தொலைத்ததே கிடையாது. அது எப்போதும் காதில் இருக்கும். ரப்பர்தான் அவரிடம் தங்காது. ஒரு ரப்பர் இன்ஸ்பெக்டரின் கண்ணாடிக் கூட்டுக்குள்ளிருந்து கிடைத்தது. இன்னொன்றை லாக்கப்பில் இருந்த ஒருவன் மிட்டாய் என்று நினைத்து நாள் முழுக்க மென்றுவிட்டு, "இதுல ருசியே இல்ல சார்" என்று எழுத்துமூலமாகப் புகார் கொடுத்தான். அந்தத் தொழிலில் பென்சிலைவிட ரப்பருக்குத்தான் வேலை அதிகம். பார்த்தவர்கள் முதலில் "பெரிய மூக்கு" என்பார்கள். வரைந்ததும், "சேச்சே, இவ்வளவு பெரிசு இல்ல" என்பார்கள். சின்னதாக்கினால், "இது என் அத்தை மூக்கு மாதிரி இருக்கு" என்பார்கள். ரப்பர் இல்லாமல் அங்கே ஒரு மூக்குக்கூட நகராது.

"கிடைச்சுதா தம்பி?" என்று எதிர் நாற்காலியிலிருந்து கேட்டார் தலைமையாசிரியர்.

அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இப்போது கால்பந்துக் கழகத்தின் செயலாளர். இறுதிப் போட்டிக்கான வெள்ளிக் கோப்பையை மெருகு போடுவதற்காக ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு முந்தின நாள் தெருவில் நடந்து போனார். மெருகுக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது தலைமையாசிரியர் மட்டுமே. ஞாயிற்றுக்கிழமை போட்டி. கோப்பை இல்லாமல் யார் ஆடுவார்கள்? இரண்டு அணிக்காரர்களும் காவல் நிலைய வாசலில் நின்று, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஆளைப் பார்த்தீங்களா சார்?" என்று இன்ஸ்பெக்டர் முதலிலேயே கேட்டிருந்தார்.

தலைமையாசிரியருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "என்ன கேள்வி இது? என்கிட்ட படிச்ச அத்தனை பசங்க மூஞ்சியும் இன்னிக்கும் என் கண்ணுக்குள்ள இருக்கு. ஒரு தடவை பார்த்தா எனக்குப் போதும். பின்னாலேர்ந்து வந்தான், பறிச்சான், புர்ர்னு போயிட்டான். ஆனா மூஞ்சி இங்க பதிஞ்சு போச்சு." நெற்றியைத் தட்டிக் காட்டினார். டொக்கென்று கேட்டது.

மூஞ்சிக்காரருக்கு இதில் கோப்பையைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அறையின் மறு மூலையில் புதிதாக ஒரு இயந்திரம் வந்து உட்கார்ந்திருந்தது. சொல்லச் சொல்லத் தானே முகம் போடுமாம். அதை ஓட்டுவதற்கு ஒரு பெண்மணியும் கூடவே வந்திருந்தார். அவர் கை எப்போதும் மௌஸ் மேலேயே இருந்ததால் வந்த அன்றே 'மௌஸ் மேடம்' ஆகிவிட்டார். மேலிடத்து உத்தரவு சுருக்கமானது. இந்த ஒரு வழக்கில் யார் படம் திருடனைக் கொண்டுவருகிறதோ அவர் இருக்கலாம், மற்றவர் கிளம்பலாம்.

"கவலைப்படாதே மூஞ்சி" என்று இன்ஸ்பெக்டர் தேற்றியிருந்தார். "உன்னை வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. ரோட்டுல வெள்ளைக் கோடு போடுற பிரிவுக்குத்தான் மாத்துவாங்க. இங்கயும் கோடு, அங்கயும் கோடு."

அந்த ஆறுதலுக்குப் பிறகு மூஞ்சிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. ரோட்டுக் கோட்டுக்குக் கண் உண்டா, மூக்கு உண்டா? அதைப் பார்த்து எவராவது, "ஐயோ, அதே ஆள்தான்!" என்று அலறுவார்களா? அந்த அலறலைக் கேட்பதற்காகத்தான் மனிதர் காலையில் எழுந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, மறுபடியும் தொலைச்சாச்சா?"

வாசலில் அவர் மனைவி நின்றிருந்தாள். காவல் நிலையத்துக்கு நேர் எதிரே தையல் கடை வைத்திருக்கிறாள். இன்ஸ்பெக்டரின் குரல் சாலையைக் கடந்து தையல் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டதால், கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே வந்துவிட்டாள்.

"தொலைக்கலைம்மா. வச்ச இடத்துல இல்ல."

"அதுக்குப் பேருதாங்க தொலைக்கிறது. வெளியே வாங்க முதல்ல, முட்டியெல்லாம் அழுக்கு."

வந்தார். வரும்போது தலை இடித்தது.

"கத்தரிக்கோலை நான் எப்பவாவது தொலைச்சிருக்கேனா? இடுப்புல தொங்கும். ஊசி சட்டையில குத்தியிருக்கும். நாடா கழுத்துல கிடக்கும். வேலை செய்றவங்களுக்குச் சாமான் உடம்பு மேலயே இருக்கணும். நீங்களும் ரப்பரை உடுத்திக்குங்க."

"ரப்பரை உடுத்திக்கிறதா?"

"ஏன், சட்டையை உடுத்திக்கலையா? அதை இதுவரைக்கும் தொலைச்சிருக்கீங்களா?"

பெட்டிக்கடையிலிருந்து புது ரப்பர் வந்தது. அதில் துளை போட்டு, நூல் கோத்து, கணவர் கழுத்தில் மாட்டிவிட்டு, எட்ட நின்று பார்த்துத் தலையை அசைத்தாள். பதக்கம் வாங்கியவர் மாதிரிதான் இருந்தார்.

மூஞ்சிக்காரருக்குக் கிட்டப்பார்வை. மூக்கு காகிதத்தில் உரசுகிற அளவுக்குக் குனிந்துதான் வரைவார். குனிந்தார். அவருக்கு முன்னாலேயே ரப்பர் குனிந்து தேநீர்க் கோப்பைக்குள் இறங்கியது. பதறி நிமிர்ந்தார். நூலோடு எகிறிய ரப்பர் தலைமையாசிரியரின் மூக்கில் சொத்தென்று அடித்துவிட்டு, திரும்பி வந்து, காகிதத்தில் பாதி வளர்ந்திருந்த நெற்றியைத் தேநீரால் பூசியது.

"படம் வரையிறியா, மணி ஆட்டுறியா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

மனைவி அசரவில்லை. "நூல் நீளம். தப்பு என்னோடதுதான். கையைக் கொடுங்க." அவர் வரைகிற இடது கையின் சுண்டுவிரலுக்கு அளவெடுத்துக்கொண்டு போனவள், திரும்பி வரும்போது ஒரு விரலுறையோடு வந்தாள். நுனியில் ரப்பர் வைத்துத் தைத்திருந்தது. விரலில் மாட்டினால் அளவு அவ்வளவு கச்சிதம். ஏட்டு வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "காது குடையலாம் போலிருக்கே" என்று பாராட்டினார்.

மூஞ்சிக்காரர் புதுக் காகிதம் எடுத்தார். வரைய ஆரம்பித்தார். புருவம் வரைந்தார். கண் வரைந்தார். மீசையை இடது முனையில் தொடங்கி, ஒவ்வொரு முடியாக இழைத்து, வலது முனையில் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுப் பெருமையோடு திரும்பிப் பார்த்தார். இடது முனையைக் காணோம். நடு மீசையைக் காணோம். கண்ணும் புருவமும் எப்போதோ போய்விட்டிருந்தன. வரைகிறபோது சுண்டுவிரல் காகிதத்தின் மேல்தானே ஊன்றியிருக்கும்? முன்னால் பென்சில் போட்டுக்கொண்டே போக, பின்னால் சுண்டுவிரல் துடைத்துக்கொண்டே வந்திருக்கிறது. அத்தனை உழைப்புக்கும் மிச்சம் அந்த ஒரு முறுக்குதான்.

"என்னய்யா, திருடன் இன்னும் வந்து சேரலையா?" என்று எட்டிப் பார்த்தார் இன்ஸ்பெக்டர். "சாயங்காலத்துக்குள்ள போஸ்டர் அச்சுக்குப் போகணும். அங்க மேடம் முடிச்சே முடிச்சாச்சு."

உண்மைதான். மௌஸ் மேடத்தின் திரையில் ஒரு முகம் பளிச்சென்று வந்திருந்தது. நடு வகிடு. அடர்ந்த முடி. கோடு போட்டது போன்ற மீசை. மூக்கருகில் மச்சம். உம்மென்று பிதுங்கிய உதடு.

தலைமையாசிரியர் எழுந்தே நின்றுவிட்டார். "அதே! அதே உம்மணாமூஞ்சி! பாருங்க அந்த வாயை. பெரியவங்க பேசினா பதில் பேசுற வாய்!"

"திருடன் பேசினானா சார்?" என்று ஏட்டு கேட்டார்.

"பேசலை. பேசுறவன் மாதிரி இருந்தான்" என்றார் தலைமையாசிரியர் கோபமாக.

மூஞ்சிக்காரரின் கண் முன்னால் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. மனைவி அவர் தோளில் கை வைத்தாள்.

"இருங்க. ரெண்டு கையும் வேலையா இருக்கு, அதனாலதான் இந்தத் தகராறு. உங்க உடம்புல சும்மாவே இருக்கிற உறுப்பு எது?"

"மூளை" என்றார் ஏட்டு.

"உங்களைக் கேட்கலைங்க" என்று அவர் பக்கம் திரும்பாமலே சொல்லிவிட்டு, கணவரின் முகத்தை ஏந்திப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மோவாய்! எப்படியும் படத்து மேல கவுந்துக்கிட்டுத்தானே வரையிறீங்க? இது அங்க என்ன பண்ணுது? சும்மா வேடிக்கைதானே பார்க்குது?"

சற்று நேரத்தில் அது தயாராகிவிட்டது. இரண்டு காதுகளிலும் மாட்டிக்கொள்ள எலாஸ்டிக் வளையம், மோவாயைக் கவ்வும் சின்னத் துணிக் குல்லாய், அதன் அடியில் கூராகச் சீவிய வெள்ளை ரப்பர், ரப்பர் நழுவாமலிருக்க உள்ளே ஓர் ஊக்கு. போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். மடிப்புக் கலையாத வெண்தாடி வைத்த மகா ஓவியன் ஒருவன் எதிரே நின்றான். மூஞ்சிக்காரருக்கு அவனைப் பிடித்துவிட்டது.

சோதனைக்கு ஏட்டின் மீசையை வரைந்தார். முகத்தை மெல்ல இறக்கி, மோவாயால் இந்தப் பக்கம் ஒரு தேய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு தேய்ப்பு. மீசை அளவாக நின்றது. பென்சிலைக் கீழே வைக்கவில்லை, காகிதத்திலிருந்து கை எடுக்கவில்லை. வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கால்பந்துக்காரர்கள் கோல் விழுந்தது போலக் கூவினார்கள். மௌஸ் மேடம்கூட மௌஸை விட்டுவிட்டுக் கை தட்டினார்.

"ஆரம்பிங்க சார்!" என்றார் மூஞ்சிக்காரர். குரலே மாறியிருந்தது.

தலைமையாசிரியரிடம் ஒரு பழக்கம் உண்டு. எதைச் சொன்னாலும் "புரியுதா?" என்று கேட்பார். வாயால் "புரியுது" என்று சொன்னால் ஏற்கமாட்டார். வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் ஒரே சமயத்தில் "புரியுது சார்" என்று கத்தினால் கூரை பறக்கிறது என்று, தலையை மட்டும் ஆட்டும்படி பழக்கி வைத்திருந்தார். ஆட்டாதவரை அடுத்த வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. பள்ளிக்கூடத்தை விட்டு வந்தும் அந்த ஆட்டத்தை அவர் விடவில்லை.

"முடி நல்ல அடர்த்தி. நடு வகிடு. புரியுதா?"

மூஞ்சிக்காரர் வரைந்தார். தலையை ஆட்டினார். மோவாய் மேலும் கீழும் போய் வந்தது. வகிடு அகன்று, முன் வழுக்கையாயிற்று.

"மீசை மெல்லிசு. புரியுதா?"

ஆட்டினார். மீசை மெலிந்து, மறைந்தது.

"மூக்கு எடுப்பா இருக்கும். புரியுதா?"

மூக்கு புறப்பட்டுப் போயிற்று.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மீண்டும் மூக்கை வரைந்துவிட்டு, கழுத்தைக் கல்லாக்கிக்கொண்டு, "புரியுது சார்" என்றார்.

"வாயில சொல்லாதே தம்பி. தலையை ஆட்டு."

"புரியுதுங்க சார், நல்லாவே..."

"ஆட்டு!"

காலம் காலமாகப் பெரிய பெரிய முரடர்களையெல்லாம் ஆட்டி வைத்த குரல் அது. வாசலில் நின்ற கோல்கீப்பர் தன்னையறியாமல் தலையை ஆட்டினான். மூஞ்சிக்காரர் சாமர்த்தியமாகப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார். இரண்டு காதுகளும் போயின. நிமிர்ந்து உட்கார்ந்து ஆட்டினார். காகிதம் தெரியாமல் வரைந்ததில் வாய் நெற்றியில் விழுந்தது. அதை அழிக்கக் குனிந்த நேரம் பார்த்து, "புரியுதா?" என்று மறுபடியும் இடி விழ, பயத்தில் தலை தானாகவே தடதடவென்று ஆட ஆரம்பித்து, நிற்க மறுத்துவிட்டது. அதுவரை அழித்த முடி, மீசை, மூக்கு எல்லாவற்றின் கரியும் ரப்பரில் ஏறியிருந்தது. அத்தனையும் கண்களின் மேல் குறுக்காக அப்பிக்கொண்டது. உள்ளேயிருந்த ஊக்கு வேறு திறந்துகொண்டு, இடது பக்கத்தில் நெற்றியிலிருந்து காது இருந்த இடம் வரைக்கும் சர்ரென்று ஒரு கிழிப்புக் கிழித்தது.

"போதும், நேரமாச்சு" என்று இன்ஸ்பெக்டர் காகிதத்தை உருவிக்கொண்டார்.

பார்த்தார். திருப்பிப் பிடித்துப் பார்த்தார். தலைகீழாகவும் பார்த்தார்.

உருண்டையாக ஒரு வெளிக்கோடு. முடி இல்லை, காது இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் குறுக்கே ஒரு கரிய பட்டை. ஓரத்தில் ஒரு கீறல்.

"யோவ்! திருடனை வரையச் சொன்னா முட்டை வரைஞ்சு வச்சிருக்கே!"

"முட்டை இல்ல சார்" என்று ஏட்டு எட்டிப் பார்த்தார். "பல்பு. ஃபியூஸ் போன பல்பு."

"சட்டி மாதிரி இருக்கு" என்றது லாக்கப்பிலிருந்து ஒரு குரல்.

மூஞ்சிக்காரர் தன் வெண்தாடியைத் தடவியபடி தரையைப் பார்த்தார். அவர் மனைவி மட்டும் நிமிர்ந்து நின்றாள். "சாட்சி இருக்காரே, அவர்கிட்ட காட்டுங்க. பார்த்தவர் சொல்லட்டும்."

காட்டினார்கள். அதைக் கண்டதும் தலைமையாசிரியர் வெளிறிப் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இதுவும்... சரியாத்தான் இருக்கு" என்றார், இல்லாத குரலில்.

"சார், இதுல மூக்கே இல்லையே!"

"இருக்கிறது போதும். புரியுதா?"

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார்.

இரண்டு படங்களும் அச்சாகிச் சுவருக்குச் சுவர் ஏறின. மறுநாள் காலையில் காவல் நிலையம் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. முதலில் மௌஸ் மேடத்தின் படத்துக்குப் பலன் வந்தது. நடு வகிடும் மச்சமும் உம்மென்ற உதடுமாக ஓர் ஆளைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். அச்சு அசல் அதே முகம். மூஞ்சிக்காரர் தன் நாற்காலியை ஒரு முறை தடவிக் கொடுத்தார்.

பின்னாலேயே ஒரு பெண் ஓடிவந்து தலைமையாசிரியர் எதிரே இடுப்பில் கை வைத்து நின்றாள். "அப்பா! உங்க மாப்பிள்ளையைப் பிடிக்கலைன்னா அதை வீட்டோட வச்சுக்கங்க. அதுக்காகப் படம் போட்டு ஊர் முழுக்க ஒட்டுவீங்களா?"

"இல்லம்மா... ஒரு ஜாடை..." என்று இழுத்தார் தலைமையாசிரியர்.

மாப்பிள்ளை பல் மருத்துவர். கோப்பை பறிபோன நேரத்தில் அவர் ஒரு நீதிபதியின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நீதிபதியே வீங்கிய கன்னத்தோடு வந்து சாட்சி சொன்னார். மாமனார் பேசி முடித்ததும் மாப்பிள்ளை ஏதோ பதில் பேசினார். அதை இங்கே எழுத முடியாது.

அடுத்ததாக மூஞ்சிக்காரர் படத்தின் பலன் வர ஆரம்பித்தது. ஊரிலுள்ள வழுக்கைத் தலையர்கள் ஒவ்வொருவராக வந்து இறங்கினார்கள். பெஞ்சு நிறைந்தது. வராந்தா நிறைந்தது. வெயில் ஏற ஏற அந்தப் பக்கம் பார்க்க முடியாமல் கண் கூசியது. போதாதற்குத் தொலைபேசி ஓயவில்லை. ஏட்டுதான் எடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க இருக்கான்னு சொல்றீங்க?... சரி... காக்கிச் சட்டை போட்டிருக்கானா?... எங்க ஜீப்லயேவா?" என்று கேட்டுவிட்டு, ஏட்டு மெதுவாக ரிசீவரைப் பொத்திக்கொண்டு இன்ஸ்பெக்டரின் தொப்பியில்லாத வழுக்கைத் தலையைப் பார்த்தார். "சார், உங்களைத்தான் சொல்றாங்க. காலையிலேர்ந்து இது அஞ்சாவது ஆளு."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். தலை உச்சி வரை சிவந்திருந்தது தொப்பிக்கு வெளியேயும் தெரிந்தது.

"மூஞ்சி! பெட்டியைக் கட்டு. நாளைக்கு ரோட்டுப் பிரிவுல போய்ச் சேரு. பிரஷ் அவங்களே கொடுப்பாங்க. அதையாவது தொலைக்காம இரு!"

"அவரு படத்துல தப்பு இல்லைங்க" என்றாள் மனைவி. "திருடன் இன்னும் பார்க்கலை, அவ்வளவுதான்."

"திருடன் இதைப் பார்த்துச் சிரிச்சுத்தாம்மா சாகணும்!"

அப்போது வாசலில் கூட்டம் விலகியது. ஓர் ஆள் உள்ளே வந்தான். தலையில் புதர் போலச் சுருட்டை முடி. கையகல மீசை. முட்டைகோஸ் இலை போல இரண்டு காதுகள். மூக்கும் குறைவில்லாமல் இருந்தது. தோளிலிருந்த துணிப்பையை மேசையில் வைத்தான், பக்கத்தில் தன் வண்டிச் சாவியையும் வைத்தான், இரண்டு கைகளையும் நீட்டினான்.

"நான்தாங்க. மாட்டிக்கோங்க."

பைக்குள்ளிருந்து வெள்ளிக் கோப்பை எட்டிப் பார்த்தது.

இன்ஸ்பெக்டர் கோப்பையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "நீயா வந்து ஏன்டா சரணடையிறே?"

"வேற வழி? ஊர் முழுக்க என்னை ஒட்டி வச்சிருக்கீங்களே. டீ குடிக்கப் போனா எதிர்ச் சுவத்துல நான். பெட்ரோல் பங்குல நான். என் வீட்டுச் சுவத்துலயே நான். இப்படி அப்பட்டமா வரைஞ்சுட்டா மனுஷன் எப்படிங்க ஓடுறது?"

"எந்தப் படம்? இதுவா?" என்று நடு வகிட்டைக் காட்டினார் இன்ஸ்பெக்டர்.

"இது யாரோ சிடுமூஞ்சி. எனக்குத் தெரியாது. நான் அதோ, அது." விரல் நேராக முட்டையைக் காட்டியது.

அறையிலிருந்த அத்தனை தலைகளும் படத்தைப் பார்த்தன. திருடனைப் பார்த்தன. மறுபடி படத்தைப் பார்த்தன. ஒன்றும் ஒட்டவில்லை. ஆனால் தனக்குப் புரியவில்லை என்று முதலில் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

இன்ஸ்பெக்டர்தான் தொண்டையைக் கனைத்தார். "நான் நேத்தே நினைச்சேன். முடி, மீசை, மூக்கு இதெல்லாம் வெறும் மேல்பூச்சுய்யா. அதையெல்லாம் ஒவ்வொண்ணா அழிச்சு, உள்ள இருக்கிற ஆளை வெளியில எடுத்திருக்கார் நம்ம மூஞ்சி... மூஞ்சி சார்!"

"ஆமா சார். குற்றவாளியோட மனசு" என்றார் ஏட்டு. "கறுப்பா ஒரு பட்டை இருக்கு பாருங்க."

"கீறல்தான் மனசாட்சி" என்றார் பெஞ்சிலிருந்த வழுக்கையர்களில் ஒருவர். அவர் இன்னும் விடுதலை ஆகவில்லை. ஆனாலும் கலை ரசனை உள்ளவர்.

மூஞ்சிக்காரர் மெதுவாக எழுந்து நின்றார். ரப்பர் மாட்டிய மோவாயை நிமிர்த்தினார். "வரையிறது யார் வேணும்னாலும் செய்யலாம். எதை அழிக்கிறதுங்கிறதுலதான் சூட்சுமம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அதைத் தானே முதல் தடவையாகக் கேட்டு வியந்து போனார்.

அதன் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். கால்பந்துக்காரர்கள் இரு அணியுமாகச் சேர்ந்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தார்கள். கோப்பையைக்கூட ஒருவர் கையில்தான் வைத்திருந்தார்கள். இவருக்கு எட்டுத் தோள். ஞாயிற்றுக்கிழமைப் போட்டியைத் தொடங்கிவைக்க இவர்தான் வர வேண்டும் என்றார்கள். கையெழுத்துக் கேட்டு மொய்த்தவர்களுக்கு மூஞ்சிக்காரர் மூக்கு காகிதத்தில் உரசக் குனிந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "ரொம்ப நன்றி சார்" என்றார்கள். குனிந்தபடியே தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். கையெழுத்து போயிற்று. அழிந்த இடத்தைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறவர்கள் இன்னும் அந்த ஊரில் இருக்கிறார்கள்.

மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. இயந்திரத்தைத் திருப்பி அனுப்பும் உத்தரவும் கூடவே வந்தது. மௌஸ் மேடம் வருத்தப்படவில்லை. சாலையைக் கடந்து தையல் கடைக்குப் போய், "எனக்கும் ஒரு மோவாய் ரப்பர் தைச்சுக் கொடுங்கக்கா, வரையக் கத்துக்கப் போறேன்" என்றார். அவருக்கு முன்னால் அங்கே நீண்ட வரிசை நின்றது. கட்டட வரைபடக்காரர், பள்ளி ஆசிரியைகள், குறுக்கெழுத்துப் போடுகிறவர், எதற்கென்றே தெரியாமல் வந்த நீதிபதி. மனைவி நாடாவால் ஒவ்வொரு மோவாயாக அளந்துகொண்டே, "சும்மா இருக்கிற உறுப்புன்னு ஒண்ணு உடம்புல கிடையாதுங்க" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியர் மட்டும் அந்த ஆரவாரத்துக்கு நிற்கவில்லை. திருடன் வாயைத் திறந்த உடனேயே கோப்பையை மார்போடு அணைத்து எடுத்து அணித் தலைவர் கையில் திணித்துவிட்டு, "மேட்சுக்கு நேரமாச்சு" என்று சுவரோரமாக நழுவி வெளியேறிவிட்டார். மேட்சுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. மாப்பிள்ளை அவரைத் தேடிக்கொண்டு பின்னாலேயே போனார்.

சத்தமெல்லாம் தெருப் பக்கம் போய்விட்ட பிறகு ஏட்டு திருடனை லாக்கப்பில் விட்டுப் பூட்டினார். சாவியை எடுத்தவர் போகாமல் நின்றார். வராந்தாச் சுவரிலிருந்த போஸ்டரைப் பார்த்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த சுருட்டை முடியையும் மீசையையும் காதுகளையும் பார்த்தார். அக்கம் பக்கம் யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டு கம்பியருகே குனிந்தார்.

"ஏன்டா, எனக்கு மட்டும் சொல்லு. இந்த மூஞ்சி எந்த விதத்துலடா உன் மூஞ்சி மாதிரி இருக்கு?"

"என் மூஞ்சியை யாரு சார் பார்த்தா? அன்னிக்கு நான் ஹெல்மெட்டைக் கழட்டவே இல்லையே! அந்த ஹெல்மெட்டைத்தானே அவரு, இடது பக்கத்துக் கீறல் வரைக்கும், அப்படியே அச்சா வரைஞ்சு வச்சிருக்காரு!"